தொழுவத்துக்குத் தனி வாசல்

அன்று காலை ஸ்பிரிதோனின் முற்றத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். ஸ்பிரிதோன், அவர் மனைவி மாத்ரியோனா, அவர்களுடைய ஒரே மகள் தூயாரா, அவளைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போக வந்திருந்த மாப்பிள்ளை கெஸ்கில், கெஸ்கிலின் தாய்மாமன் புரோகோப்பி, புரோகோப்பியின் மனைவி வர்வாரா, பக்கத்து வீட்டு லுக்கா. எட்டாவது ஆள் கிடையாது. பிற்பாடு ஆற்றுக்கு அக்கரையில், மாப்பிள்ளையின் ஊரில், இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒரு பந்தியே தேறும். அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அதனால்தான் பெயர்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியைத் தாண்டி இறங்கியிருந்தது. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மேலே போக மனமில்லாமல் கூரைக்குச் சற்று மேலேயே படுத்துக் கிடந்தது. முற்றத்தில் புரோகோப்பியின் லாரி முந்தின நாள் மாலையிலிருந்து உறுமிக்கொண்டே நின்றது. அதில் யாருக்கும் வியப்பில்லை. அந்தப் பக்கத்தில் அக்டோபரில் கிளப்பிய டீசல் வண்டியை ஏப்ரலில்தான் அணைப்பார்கள். ஓட்டுகிறவன் தூங்கலாம், எஞ்சின் தூங்கக் கூடாது. ஊரில் சத்தம் கேட்டு விழிப்பவர்கள் குறைவு. சத்தம் நின்றால்தான் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள்.

முந்தின நாள் விருந்தில் குதிரைக்கறியும் அடித்த பாலாடையும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது, புரோகோப்பி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். வெளியே கொட்டகையில் சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஊரும் ஸ்பிரிதோனின் பழைய டிராக்டர் நின்றது. அரசுப் பண்ணை கலைந்தபோது மற்றவர்கள் மாட்டையும் குதிரையையும் பங்காகக் கேட்டார்கள். ஸ்பிரிதோன் தாம் அத்தனை வருடம் ஓட்டிய டிராக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தக் கல்யாணம் நடந்த வருடம் டீசல் தட்டுப்பாடு, அதனால் முதல் பனியோடு அதை நிறுத்தியாகிவிட்டது.

"அது இன்னும் உசுரோட இருக்கா, சம்பந்தி? நான் பூனை குட்டி போடுறதுக்கு வச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் புரோகோப்பி.

"கூப்பிட்டா எந்திரிக்கும்" என்றார் ஸ்பிரிதோன்.

"எப்ப? ஜூன் மாசமா?"

"எப்பக் கூப்பிட்டாலும்."

பந்தி சிரித்தது. ஸ்பிரிதோன் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காகப் பேசும் வழக்கம் உள்ளவரல்ல.

காலையில் தூயாரா பிறந்த வீட்டு அடுப்புக்குக் கடைசித் தடவையாக ஊட்டினாள். ஒரு துண்டு அப்பம், ஒரு கரண்டி வெண்ணெய். நெருப்பு சடசடவென்று வாங்கிக்கொண்டது. பிறகு மான்தோல் காலணியும் நரித்தோல் தொப்பியுமாக வலதுகால் வைத்து வாசற்படியைத் தாண்டினாள். அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுப்புக்கு ஊட்டிவிட்டு வாசற்படி தாண்டிய பெண், மனைவியாகி முதல் விருந்துக்கு வரும்வரை அந்தப் படியைத் திரும்பத் தாண்டக் கூடாது. ஸ்பிரிதோனின் அக்கா அகாஃப்யா அந்தக் காலத்தில் கையுறையை மறந்து வைத்துவிட்டு, எடுத்துவரத் திரும்பி உள்ளே போனாள். அந்தக் கல்யாணம் ஒரு கோடையைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. செத்துப்போகும் மட்டும் ஊரில் அவளுக்குக் 'கையுறைக்காரி' என்றே பெயர். கல்லறையில் மட்டும்தான் அவள் சொந்தப் பெயர் இருக்கிறது. ஸ்பிரிதோன் தம் மகளுக்கு ஒரு மாதமாகவே கையுறையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தார்.

முற்றத்தில் நின்று அவர் வாழ்த்துச் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டு வாழ்த்து சுருக்கமானதல்ல. வானத்தையும் நிலத்தையும் ஆற்றையும் அழைத்துவிட்டு, ஒன்பது தலைமுறைப் பெயரைச் சொல்லி, அதற்கப்புறம்தான் பெண்ணிடம் வரும். லாரி காது கிழிய உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது தலைமுறையில் தம் குரல் தமக்கே கேட்காமல் போகவே, ஸ்பிரிதோன் லாரியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முறைத்தார் என்று சொல்வார்கள். முறைத்ததும் உண்மைதான். ஆனால் அணைக்கச் சொல்லவில்லை.

புரோகோப்பி பெரியவர்களுக்கு மரியாதை தெரிந்த மனிதர். பாய்ந்து போய், கதவைத் திறந்து, எஞ்சினை அணைத்தார்.

முற்றம் அப்படியே அமைதியாகிவிட்டது. ஸ்பிரிதோனின் குரல் கணீரென்று ஒலித்தது. பேச்சு இடறாமல், ஒரு பெயர் விடாமல், அவர் ஒன்பது தலைமுறையையும் முடித்தார். அப்படிப்பட்ட வாழ்த்தைக் கேட்டு வருஷக்கணக்காகிறது என்று லுக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் இமை ஒட்டிக்கொண்டது.

புரோகோப்பி லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். டிக். மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

"என்னாச்சு?" என்றாள் வர்வாரா.

"பேட்டரி."

"பேட்டரிக்கு என்ன?"

"அது செத்து ஒரு மாசமாச்சு. வண்டி ஓடிட்டேதானே இருக்குன்னு விட்டுட்டேன்."

"செத்துப்போன பேட்டரிய வச்சிக்கிட்டு வண்டிய அணைச்சீங்களா?"

"சம்பந்தி முறைச்சாரு!"

எல்லோரும் ஸ்பிரிதோனைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"நான் அணைக்கச் சொல்லல."

"சொல்லல, சம்பந்தி. ஆனா அந்தப் பார்வைக்கு ஓடுற ஆறே நின்னிருக்கும். சூடான எஞ்சின், ரெண்டு நிமிஷம்தானேன்னு நெனச்சேன். வாழ்த்து அவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"எங்க வீட்ல ஒம்பது தலைமுறை."

"எங்க வீட்லயும் ஒம்பதுதான். நாங்க வேகமாச் சொல்லுவோம்."

லுக்கா நடுவில் புகுந்தார். "என் குதிரையக் கட்டி இழுத்துப் பாக்கலாமாண்ணே?"

"அந்தக் கெழட்டுக் குதிரைய நாமதான் இழுக்கணும்" என்றாள் மாத்ரியோனா.

கெஸ்கில் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான். அவன் கால்நடை வைத்தியருக்கு உதவியாள். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். ஸ்பிரிதோனுக்கு அவன்மேல் இதுவரை நல்ல அபிப்பிராயமும் இல்லை, கெட்ட அபிப்பிராயமும் இல்லை.

"ரேடியேட்டர் தண்ணி உறைஞ்சா எஞ்சின் வெடிச்சிரும், மாமா. இப்பவே எறக்கிரணும்" என்றான் அவன் புரோகோப்பியிடம்.

அப்போதுதான் வர்வாரா அந்த வார்த்தையைச் சொன்னாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

"சரி, இன்னிக்கு நடக்காதுபோல. பொண்ண உள்ளாற கூட்டிட்டுப் போங்க, சம்பந்தியம்மா. நாளைக்கோ மறுநாளோ பாத்துக்கலாம். இந்தக் குளிர்ல புள்ள வெறைச்சுப்போவா."

தூயாரா வாசற்படியிலிருந்து நாலடி தள்ளி நின்றாள். இமைமுடியெல்லாம் வெள்ளையாகியிருந்தது. கழுத்தில் கையுறைக் கயிறு. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஸ்பிரிதோனுக்கு அந்த முகத்தில் அகாஃப்யா தெரிந்தாள். மகளை உள்ளே அழைத்தால் அவள் அத்தையின் பெயரைச் சுமக்க வேண்டியிருக்கும். வெளியே நிறுத்தினால் இந்தக் குளிரில் எவ்வளவு நேரம்?

"அப்பா, நான் தொழுவத்துல இருக்கேனே" என்றாள் தூயாரா.

முற்றத்தின் மறுபக்கம் மாட்டுத் தொழுவம். சாணம் பூசிய தாழ்ந்த மரச்சுவர், உள்ளே நாலு பசு, ஒரு கன்று. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"கல்யாணப் பொண்ணு மாட்டோடயா!" என்றாள் வர்வாரா.

ஸ்பிரிதோன் வீட்டைப் பார்த்தார், தொழுவத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பனி கிடந்தது. அவருடைய தாத்தா காலத்தில் தொழுவமும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. அப்படி இருந்திருந்தால் விஷயம் வேறு. இது அவர் தம் கையால் தனியாகக் கட்டியது.

"தொழுவம் வீடில்ல. அதுக்குத் தனி வாசல். போ" என்றார்.

தூயாரா போனாள். தொழுவத்துக் கதவு திறந்தபோது வெண்ணிற ஆவி ஒரு மூட்டையாக வெளியே உருண்டு வந்தது. கதவு சாத்திக்கொண்டது. ஸ்பிரிதோன் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"கெழவி, ஆயில் கேனை அடுப்புமேல ஏத்து. பெரிய அண்டாவுல ஐஸ் போடு. குட்டி எஞ்சினோட பிளக்கு அலமாரில இருக்கு, அதைக் கங்குல போடு."

"பத்து வருஷமா அந்தக் கேனை என் அடுப்புக்குப் பின்னாடி வச்சு எனக்குத் தலைவலி. இன்னிக்குத்தான் அதுக்கு வேளை வந்திருக்கு" என்றபடி மாத்ரியோனா உள்ளே ஓடினாள்.

புரோகோப்பிக்கு அப்போதுதான் புரிந்தது. "சம்பந்தி, அதையா கெளப்பப் போறீங்க? நேத்து நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

புரோகோப்பி பேச்சை விட்டுவிட்டு லாரியின் அடியில் படுத்து, தண்ணீர் இறக்கும் திருகைத் திறந்தார். ரேடியேட்டர் தண்ணீர் ஆவி பறக்கப் பனியில் கொட்டியது. கொட்டிய இடத்தில் சட்டென்று கண்ணாடிபோல் உறைந்தது. கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்பிரிதோன் நின்றார்.

"நிறுத்து! கீழ கொட்டாத! வாளி! லுக்கா, வாளி கொண்டா!"

"எதுக்குண்ணே?"

"சூடு இருக்குய்யா அதுல! ராத்திரி பூரா எரிஞ்ச டீசலோட சூடு! அதத் தரையில ஊத்துறான்!"

அண்டாவில் ஐஸ் உருகிக் கொதிக்க நேரமாகும். லாரியின் வயிற்றில் இருப்பதோ கை வைக்க முடியாத சூடு. செத்துக்கொண்டிருக்கும் எஞ்சினின் உஷ்ணத்தை எடுத்து உறைந்து கிடக்கும் எஞ்சினுக்கு ஊற்றுவது என்று ஸ்பிரிதோன் முடிவு செய்தார். லுக்காவும் கெஸ்கிலும் வாளி மாற்றி மாற்றிக் கொண்டு ஓடினார்கள். டிராக்டரின் அடித்திருகைத் திறந்தே வைத்து முதல் இரண்டு வாளியை ஊற்றினார் ஸ்பிரிதோன். மேலே ஊற்றியது கீழே வழிந்து ஓடியது. அவசரக்காரன் திருகை மூடிக்கொண்டு ஊற்றுவான். தண்ணீர் குளிர்ந்த குழாயில் நின்று உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். வழிந்து ஓடும் தண்ணீர் கைக்குச் சூடாகத் தெரிந்த பிறகே அவர் திருகை மூடினார்.

எஞ்சினின் அடிவயிற்றுக்குக் கீழே தகரத் தட்டில் விறகுக் கங்கைப் பரப்பினார்கள். ஸ்பிரிதோன் மடியிலிருந்து ஒரு துண்டு அப்பத்தை எடுத்து, வெண்ணெய் தடவியிருந்த பக்கத்தைக் கீழே வைத்து, கங்கில் போட்டார்.

"இதுக்கும் ஊட்டணுமா?" என்றாள் வர்வாரா. அவள் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் சுரண்டிய ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெருப்புன்னா நெருப்புதான். வீட்டு அடுப்புல இருந்தாலும் சரி, டிராக்டருக்குக் கீழ இருந்தாலும் சரி" என்றார் ஸ்பிரிதோன்.

"எங்க லாரிக்கும் கொஞ்சம் ஊட்டியிருக்கலாம்."

"அதோட நெருப்பத்தான் நீங்க அணைச்சிட்டீங்களே."

புரோகோப்பி வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வர்வாரா ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

மாத்ரியோனா கருத்த ஆயில் கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆயில் தேன்போல் ஒழுகியது. அதே ஆயிலை வெளியே வைத்திருந்தால் கோடாரியால்தான் வெட்ட வேண்டும். பிறகு இடுக்கியில் பிடித்த ஸ்பார்க் பிளக் வந்தது, கங்குச் சிவப்பு இன்னும் மாறாமல். ஸ்பிரிதோன் தடித்த கையுறையோடே அதை வாங்கித் திருகிவிட்டார்.

அந்த வகை டிராக்டரில் பெரிய டீசல் எஞ்சின் தானாக எழாது. அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் உண்டு. குட்டியை வார் சுற்றி இழுத்து எழுப்ப வேண்டும். எழுந்த குட்டி பெரியதைப் பிடித்து உருட்டி எழுப்பும். குட்டி எழாவிட்டால் எதுவும் எழாது. பேட்டரியும் சாவியும் இல்லாத இந்த வண்டியைத்தான் புரோகோப்பி முந்தின நாள் கேலி செய்தார்.

ஸ்பிரிதோன் தோல்வாரைக் குட்டி எஞ்சினின் சக்கரத்தில் சுற்றி இழுத்தார். புஸ் என்றது. மறுபடி இழுத்தார். புஸ். அவருடைய தோள் வயது காட்டியது. ஆனால் அவர் விலகவில்லை. நாலாவது இழுப்பில் வார் குளிரில் விறைத்துப்போயிருந்த இடத்தில் பட்டென்று அறுந்தது. அவர் இரண்டடி பின்னால் போய்க் கெஸ்கிலின் மார்பில் சாய்ந்தார்.

"விடு" என்றார்.

கெஸ்கில் விட்டான். அறுந்த வாரின் முனை ஸ்பிரிதோனின் கையில் உடைந்த குச்சி மாதிரி நின்றது.

"வேற வார் இருக்காண்ணே?" என்று கேட்டார் லுக்கா.

"இல்ல."

லாரியின் மிச்சத் தண்ணீர் முழுதும் டிராக்டரில் இருந்தது. அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அதையும் கீழே இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வண்டியும் இரும்பு மலை. பகல் அங்கே குளிர்காலத்தில் ஒரு கொட்டாவி அளவுதான். அக்கரையில் பதிவு அலுவலகம் திறந்திருந்தது, பந்தி காத்திருந்தது. ஸ்பிரிதோன் வீட்டு வாசற்படியைப் பார்க்காமல் இருக்க முயன்றார். கண் அங்கேயே போனது.

தொழுவத்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. ஆவிக்குள்ளிருந்து தூயாராவின் குரல் மட்டும் வந்தது.

"அப்பா! வார் அறுந்துச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சு. செம்பசுவோட மூக்கணாங்கயிறு இருக்கு. குதிரைமுடியில திரிச்சது. அது வெறைக்காது. இந்தாங்க!"

கதவு இடுக்கு வழியாக ஒரு கயிறு பறந்து வந்து பனியில் விழுந்தது. சாணி வாசனையும் சூடும் அதோடு வந்தன. கெஸ்கில் ஓடிப் போய் எடுத்தான்.

"உள்ள போய்க் கதவச் சாத்து, கன்னுக்குட்டிக்குக் குளிரும்!" என்று கத்தினார் ஸ்பிரிதோன். கன்றுக்குட்டிக்காக அப்படிக் கத்தும் மனிதரல்ல அவர்.

கெஸ்கில் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினான். அவரைக் கேட்காமலே சுற்றினான். ஆனால் சரியான பக்கம் சுற்றினான். ஸ்பிரிதோன் அந்தச் சுற்றைப் பார்த்துவிட்டு ஓரடி விலகி நின்றார்.

"மாமா, நான் இழுக்கவா?"

"கன்னுக்குட்டிய இழுத்து எடுக்குற மாதிரின்னு நெனைக்காத. இது மெதுவா வராது. ஒரே மூச்சு."

"கன்னும் சில சமயம் அப்படித்தான் வரும், மாமா."

அவன் கால் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் எறிந்து இழுத்தான். இழுத்த வேகத்தில் மல்லாக்கப் பனியில் விழுந்தான். தொப்பி ஒரு பக்கம் உருண்டது. லுக்கா சிரித்தார், வர்வாரா லாரிக்குள்ளிருந்து "ஐயோ" என்றாள். அந்தச் சிரிப்புக்கும் ஐயோவுக்கும் நடுவில் குட்டி எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு இன்னொரு தடவை. பிறகு காட்டுக் குளவிக் கூட்டம்போலக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"தொப்பியப் போடு, காது போயிரும்!" என்றார் ஸ்பிரிதோன். அதற்குள் அவர் நெம்புகோலில் கை வைத்துவிட்டார்.

குட்டி எஞ்சின் பெரியதைப் பிடித்தது. அதன் கீச்சுக்குரல் கம்மியது, திணறியது, அணைந்துவிடும் போலிருந்தது. ஸ்பிரிதோன் பெரியதைச் சும்மா உருளவிட்டார். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று காத்தார். காத்திருப்பதுதான் அதில் கடினம். புரோகோப்பி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல நகர்ந்து எழும்பியது. ஸ்பிரிதோன் இரண்டாவது கைப்பிடியைத் தள்ளினார்.

டிராக்டர் ஒரு தரம் குலுங்கியது. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பிறகு சாம்பல் நிறப் புகை. டப். டப். நெடிய மௌனம். டப். பிறகு, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல், டப்டப்டப் என்று தொடங்கி நிற்காமல் ஓடியது. புகை கறுத்தது. கொட்டகைக் கூரையிலிருந்து பனி சரிந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. யாரும் தட்டிவிடவில்லை.

ஸ்பிரிதோன் குட்டி எஞ்சினை அணைத்தார். பெரியது தொடர்ந்து ஓடியது. அவர் டிராக்டரின் செயின்மேல் உட்கார்ந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாத்ரியோனா மட்டும் பார்த்தாள். அவளும் பார்க்காதவள்போல் அண்டாவைக் கிளறப் போனாள். கொதிக்கிற தண்ணீரைக் கிளற வேண்டியதில்லை. கிளறினாள்.

"எந்திரிச்சிருச்சு, சம்பந்தி" என்றார் புரோகோப்பி. கேலி இல்லாமல் சொன்னார்.

"கூப்பிட்டோம்ல" என்றார் ஸ்பிரிதோன்.

மிச்ச வேலை வேகமாக நடந்தது. இரும்புக் கயிற்றால் லாரியைப் பின்னால் கட்டி, முற்றத்து வெளிவாசலைத் தாண்டி ஊரையடுத்த ஏரிக்கரைச் சமவெளிக்கு இழுத்துப் போனார்கள். லாரியின் சக்கரங்கள் முதலில் உருளாமல் சறுக்கிக்கொண்டே வந்தன. பிறகு முனகிக்கொண்டு சுழன்றன. ஏரிக்கரை வளைவில் லாரி இரண்டு தடவை துள்ளி, கரும்புகை கக்கி, உறுமியது. புரோகோப்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். வர்வாராவும் இன்னொரு ஜன்னல் வழியாக ஆட்டினாள். இரண்டு வண்டியும் முற்றத்துக்குத் திரும்பியதும் அண்டாத் தண்ணீரை லாரிக்குச் சிறிது சிறிதாக ஊற்றினார்கள். ஒரு சொட்டு கீழே சிந்தாமல் லுக்கா வாளி பிடித்தார்.

"இனிமே இதை அணைச்சேன்னா என் கையை நானே ஒடைச்சுக்குவேன்" என்றார் புரோகோப்பி.

"பேட்டரி வாங்கு, அது போதும்" என்றார் ஸ்பிரிதோன்.

மாத்ரியோனா போய்த் தொழுவக் கதவைத் திறந்தாள். தூயாரா வெளியே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நரித்தோல் தொப்பியில் ஒரு வைக்கோல் ஒட்டியிருந்தது. கையில் காலி தேநீர்க் கோப்பை இருந்தது, அம்மா இடையில் கொண்டுபோய்க் கொடுத்தது. முற்றத்தைக் குறுக்கே கடந்து நேராக லாரியை நோக்கி நடந்தாள். வீட்டு வாசற்படி அவள் இடப்பக்கம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்பிரிதோன் அவளுக்கும் வாசற்படிக்கும் நடுவே நடந்தார். காற்று மறைக்க என்று சொல்லிக்கொண்டார். காற்று இல்லை.

வர்வாரா மூக்கை உறிஞ்சினாள். "பொண்ணு மேல பசு வாசனை அடிக்குதே."

"எங்க அம்மா இதைவிட நல்ல வாசனை எதுவும் இல்லைன்னு சொல்லுவாங்க, அத்தை" என்றான் கெஸ்கில். அவன் தொப்பி இன்னும் கோணலாகத்தான் இருந்தது. ஸ்பிரிதோன் கையை நீட்டி அதை நேராக்கினார். இழுத்து, காது மூடும்படி அமுக்கினார்.

"சம்பந்தி, இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று புரோகோப்பி உரக்கக் கேட்டார். "சொல்றதா இருந்தா எஞ்சின் ஓடும்போதே சொல்லுங்க!"

ஸ்பிரிதோன் மகளிடம் ஏதோ சொன்னார். இரண்டு எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தூயாரா தலையசைத்தாள். அவளுக்குக் கேட்டதா என்று யாருக்கும் தெரியாது.

லாரி உறைந்த ஆற்றின் பாதையில் இறங்கி, தன் புகைக்குள்ளேயே மறைந்தது. லுக்கா வீட்டுக்குப் போனார். மாத்ரியோனா ஆயில் கேனைத் திரும்ப அடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள், முணுமுணுக்காமல். ஸ்பிரிதோன் டிராக்டரை உடனே அணைக்கவில்லை. அன்று பகல் முழுவதும் ஓடவிட்டார். டீசல் அவ்வளவு தட்டுப்பாடான வருடத்தில் அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் முற்றத்தில் உலாவினார். சூரியன் மறையும் நேரத்தில் அக்கரையிலிருந்து வயர்லெஸ் ரேடியோவில் செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பதிவும் முடிந்தது, பந்தி நடக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் எஞ்சினை அணைத்து, ஆயிலையும் தண்ணீரையும் இறக்கி, திருகில் கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, கடைசிச் சொட்டும் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டு உள்ளே போனார். அன்றிரவு அவர் இரண்டு தட்டுக் கறி சாப்பிட்டார்.

தூயாராவும் கெஸ்கிலும் வசந்தத்தில் முதல் விருந்துக்கு வந்தார்கள். செம்பசுவுக்குப் புதுக் கயிறு கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

அக்கரையில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அன்று குளிர் தாங்காமல் கல்யாணப் பெண் திரும்ப வீட்டுக்குள் போனாள், அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் குடித்தாள், பிறகு இரண்டாம் தடவை படியைத் தாண்டி வந்தாள், அதை ஸ்பிரிதோன் குடும்பம் மறைக்கிறது என்று சொல்கிறார்கள். அது தவறு. அவள் உள்ளே போகவில்லை. தொழுவத்தில் இருந்தாள். தேநீரையும் அங்கேதான் குடித்தாள்.